பழைய டிராக்டரில் அடிக்கடி பியூஸ் போகிறதா?

பாலக்கோடு வட்டாரத்தில் டிராக்டர் உழவுக்கு மட்டும் பயன்படும் கருவி அல்ல. தக்காளிப் பெட்டிகளை மண்டிக்குக் கொண்டு சேர்ப்பதும், அரவை நடக்கும் பருவத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இழுத்துச் செல்வதும் அதுதான். இந்தப் போக்குவரத்தில் பெரும்பகுதி இருட்டிலேயே நடக்கிறது. மண்டிக்கு விடியுமுன் போய்ச் சேர வேண்டும். ஆலையில் வரிசையில் நின்று கரும்பை இறக்கிவிட்டுத் திரும்ப நள்ளிரவு ஆகிவிடும். ஓசூரிலிருந்து இராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக அதியமான்கோட்டை செல்லும் சாலை அகலப்படுத்தப்பட்ட பின் அதில் ஓடும் வண்டிகளின் வேகமும் கூடியிருக்கிறது.

இந்தச் சாலையில் பின்விளக்கு எரியாமல் செல்லும் டிரெய்லர்கள் பல. ஏன் என்று கேட்டால், "பியூஸ் போயிடுச்சுங்க சார். மாத்தி மாத்திப் பார்த்தோம், நிக்கல. அதான் ஒயரைக் கழட்டி விட்டுட்டோம்" என்ற பதில் வருகிறது. வேறு சிலர் ஒயரைக் கழற்றுவதில்லை. பியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறார்கள். முதல் வழியில் பின்னால் வருகிறவர் உயிருக்கு ஆபத்து. இரண்டாவது வழியில் டிராக்டருக்கே ஆபத்து. இரண்டுமே தேவையற்றவை. பியூஸ் போவதன் காரணத்தைக் கண்டுபிடிக்க 12 வோல்ட் பல்பு ஒன்றும், இரண்டு முழ ஒயரும், ஒரு மணி நேரப் பொறுமையும் இருந்தால் போதும்.

12 வோல்ட் என்று அலட்சியம் வேண்டாம்

பம்புசெட் மின்சாரத்தைக் கண்டு அஞ்சுகிற விவசாயி டிராக்டரின் மின்சாரத்தைக் கண்டு அஞ்சுவதில்லை. கை பட்டால் ஷாக் அடிக்காது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் ஒயரைச் சூடாக்குவது அதில் ஓடும் ஆம்பியர்தானே தவிர, வோல்ட் அல்ல. ஒரு கணக்கைப் பாருங்கள். 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் முழுச் சுமையில் ஓடும்போது ஒவ்வொரு பேஸிலும் 7 அல்லது 8 ஆம்பியர் ஓடுகிறது. டிராக்டரில் 55 வாட் ஹெட்லைட் இரண்டு எரியும்போது மொத்தம் 110 வாட். இதை 12-ஆல் வகுத்தால் 9 ஆம்பியருக்கு மேல் வருகிறது. அதாவது கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் மோட்டாரை விட இரண்டு விளக்குகள் அதிக ஆம்பியரை இழுக்கின்றன. செல்ப் மோட்டார் சுற்றும் அந்தச் சில விநாடிகளில் பாட்டரியிலிருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் வெளியேறுகிறது. அத்தகைய பாட்டரியின் முன் ஒரு மெல்லிய ஒயர் நேராக டிராக்டர் உடலைத் தொட்டால் அந்த ஒயர் அடுப்புக் கம்பிபோல் பழுத்துவிடும். அதைத் தடுக்க இருப்பது பியூஸ் ஒன்றுதான்.

பியூஸ் போகிறது என்றால் அது தன் கடமையைச் செய்கிறது என்று பொருள். கடமையைச் செய்தவனை விரட்டிவிட்டுக் கம்பியை உட்கார வைக்கலாமா? 1 மில்லிமீட்டர் கனமுள்ள செம்புக் கம்பி ஏறத்தாழ 80 ஆம்பியர் ஓடினால்தான் உருகும். விளக்குக்குப் போகும் ஒயரோ 10 ஆம்பியரைத் தாங்குவதே கடினம். எனவே கம்பி உருகுமுன் ஒயர் உருகும். அதன் மேலுள்ள பி.வி.சி. உறை எரியும், பக்கத்தில் செல்லும் ஒயர்களும் சேர்ந்து எரியும். பம்புசெட் ஸ்டார்ட்டருக்கு வாங்கிய பியூஸ் கம்பியும், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளும் இதே வகையைச் சேர்ந்தவையே. வைக்கோலோ, காய்ந்த சோளத்தட்டோ ஏற்றியிருக்கும் நேரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எந்த பியூஸ், எத்தனை ஆம்பியர்?

1960-களில் டாஃபே நிறுவனம் சென்னையில் மாஸி பெர்குசன் டிராக்டர்களையும், மகிந்திரா நிறுவனம் இன்டர்நேஷனல் பி-275 டிராக்டரையும் தயாரிக்கத் தொடங்கின. அந்த வழியில் வந்த பழைய டிராக்டர்கள் இன்னும் பல கைகள் மாறி ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றில் மூன்று வகை பியூஸ்களைக் காணலாம்: கண்ணாடிக் குழாய் வகை, பீங்கான் வகை, பிற்காலத்தில் வந்த தட்டை வகை.

பீங்கான் பியூசில் மஞ்சள் 5 ஆம்பியர், வெள்ளை 8, சிவப்பு 16, நீலம் 25. தட்டை பியூசில் சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. இரண்டுக்கும் நிறக்கணக்கு வேறு என்பதைக் கவனியுங்கள். பீங்கானில் மிகச் சிறியதான மஞ்சள், தட்டையில் 20 ஆம்பியராகிவிடுகிறது. ஆகவே நிறத்தைச் சொல்லிக் கடையில் கேட்காமல், எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

கண்ணாடி பியூசில் இன்னொரு சூட்சுமம் உண்டு. பழைய பிரிட்டிஷ் முறையில் "35" என்று எழுதியிருந்தால் அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு அதில் பாதி, அதாவது 17.5 ஆம்பியர்தான். இன்று கடையில் கிடைக்கும் கண்ணாடி பியூஸ் பெரும்பாலும் தாங்கும் அளவையே காட்டுகிறது. பழையதைப் பார்த்து 35 வாங்கிப் போட்டால் ஒயருக்கு இரண்டு மடங்கு சுமையை அனுமதித்தது ஆகும்.

எந்த அளவு சரி என்று தெரியாவிட்டால், அந்த பியூசின் வழியே எரியும் பல்புகளின் வாட்டை எல்லாம் கூட்டி 12-ஆல் வகுங்கள். கிடைக்கும் ஆம்பியரோடு மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்து, அதற்கு அடுத்த அளவு பியூசைப் போடுங்கள். ஆனால் ஒயர் தாங்கும் அளவை அது மீறக் கூடாது. 0.30 மி.மீ. இழைகள் 14 கொண்ட ஆட்டோ ஒயர் 8 முதல் 9 ஆம்பியர் வரை தாங்கும். 28 இழை கொண்டது 17 ஆம்பியர் வரை தாங்கும். பின்விளக்குக்கு முதலாவது போதும். ஹெட்லைட்டுக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

கூடுதலாகப் போகஸ் லைட் இரண்டு, பாட்டுப் பெட்டி, பெரிய ஸ்பீக்கர் என்று மாட்டியிருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே பாதி நோய் விளங்கிவிடும். உழவின்போது பாட்டுக் கேட்பதை நான் குறை சொல்லவில்லை. அதற்குத் தனி ஒயர், தனி பியூஸ், போகஸ் லைட்டுக்கு ரிலே என்று பிரித்துக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஹெட்லைட் சுவிட்சிலிருந்து ஒட்டு எடுக்கக் கூடாது.

எப்போது போகிறது என்று பாருங்கள்

பியூஸ் போனவுடன் அடுத்ததை மாட்டுவதற்கு முன் நினைவுபடுத்திப் பாருங்கள். எந்த நேரத்தில் போயிற்று? பாதி விடை அதிலேயே இருக்கிறது.

சுவிட்சைப் போட்ட கணமே போனால் ஒயர் எங்கோ நேராக உடலைத் தொடுகிறது. இதைத்தான் ஷார்ட் என்கிறோம். சில நிமிடங்கள் எரிந்த பின் போனால் சுமை அதிகம், அல்லது பியூஸ் மாட்டும் கவ்வி தளர்ந்து சூடாகிறது. கவ்வியை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினாலே சில டிராக்டர்களில் குறை தீர்ந்துவிடும். மேடு பள்ளத்தில் மட்டும் போனால் உறை தேய்ந்த ஒயர் ஒன்று அதிர்வில் தகட்டைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. பிரேக் மிதிக்கும்போது போனால் பிரேக் விளக்கின் ஒயரையும், இன்டிகேட்டர் போடும்போது போனால் அந்தப் பக்கத்து ஒயரையும் பாருங்கள். டிரெய்லர் மாட்டினால் மட்டும் போகிறது என்றால் டிராக்டரில் கை வைக்கவே வேண்டாம். குறை டிரெய்லரில் இருக்கிறது. என் அனுபவத்தில் டிரெய்லர் இழுக்கும் வண்டிகளில் இதுவே மிகுதி.

பல்பைக் கொண்டு சோதிக்கும் முறை

பிரேக் விளக்குக்குப் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரோடு வாங்கி, இரண்டு ஒயர்களின் முனையில் கவ்விகளைப் பொருத்திக்கொள்ளுங்கள். இதன் வழியே 2 ஆம்பியர்கூட ஓடாது. எனவே ஷார்ட் இருந்தாலும் ஒயர் சூடாகாது. புதிய பியூஸ்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பலி கொடுக்க வேண்டியதுமில்லை.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைப்பிரேக்கைப் போடுங்கள். எரிந்த பியூசை எடுத்துவிட்டு, அந்த இரண்டு கவ்விகளுக்கும் இடையே சோதனைப் பல்பை மாட்டுங்கள். அந்த பியூசைச் சேர்ந்த விளக்குகளின் பல்புகளை எல்லாம் கழற்றிவிடுங்கள். ஹாரன் அதில் சேர்ந்திருந்தால் அதன் ஒயரையும் உருவிவிடுங்கள். எல்.இ.டி. விளக்கானால் அதன் இணைப்பைப் பிரித்துவிட வேண்டும். இப்போது சுவிட்சைப் போடுங்கள். மின்சாரம் போக வழியே இல்லாததால் சோதனைப் பல்பு எரியக் கூடாது. பிரகாசமாக எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது என்று பொருள்.

பல்பு எரிந்துகொண்டே இருக்கட்டும். முதலில் டிரெய்லர் இணைப்பை உருவுங்கள். அணைந்துவிட்டதா? குறை டிரெய்லரில். அணையவில்லையானால் பின்பக்க மட்கார்டுக்குப் போகும் ஒயரைப் பிரியுங்கள். அடுத்து முன்பக்க ஒயரைப் பிரியுங்கள். எந்தக் கிளையைப் பிரித்ததும் பல்பு அணைகிறதோ அந்தக் கிளையில்தான் கோளாறு. பின்னர் அந்தக் கிளையை மீண்டும் சேர்த்துவிட்டு, ஒயரைக் கையால் தடவிக்கொண்டே சாண் சாணாக அசைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் பல்பு மினுக்கும், அல்லது அணையும். அந்த இடம்தான். மேடு பள்ளத்தில் மட்டும் போகும் பியூசுக்கும் இதே முறைதான். அசைக்கும்போது பல்பு திடீரென்று எரியும்.

பார்க்க வேண்டிய இடங்கள் அதிகம் இல்லை. டாஷ்போர்டிலிருந்து பானெட்டுக்குள் ஒயர் நுழையும் தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம் உதிர்ந்து போயிருக்கும். மட்கார்டின் ஓரத்தில் ஒயர் மடிந்து கிடக்கும். சைலன்சர் பக்கத்தில் உறை கருகியிருக்கும். பின்விளக்கின் உள்ளே ஹோல்டர் துருப்பிடித்து, நடு முனை உடலைத் தொட்டுக்கொண்டிருக்கும். பாட்டரிப் பெட்டிக்கு அடியில் அமிலம் சொட்டி உறையைத் தின்றிருக்கும்.

பழைய டிராக்டர்களில் பிரிட்டிஷ் நிற முறையில் ஒயர் இருந்தால் தேடுவது எளிது. பழுப்பு பாட்டரியிலிருந்து நேராக வருவது, கறுப்பு எர்த், நீலம் ஹெட்லைட், சிவப்பு பின்விளக்கும் பார்க்கிங் விளக்கும், பச்சை பியூஸ் வழியாக வருவது. ஆனால் 30 ஆண்டு ஓடிய வண்டியில் எத்தனை பேர் எத்தனை நிற ஒயரை ஒட்டியிருப்பார்களோ! நிறத்தைத் துணையாகக் கொள்ளலாம். சாட்சியாகக் கொள்ளக் கூடாது.

எர்த் சரியில்லாவிட்டால்

பியூஸ் நன்றாக இருக்கிறது, பல்பும் நல்ல பல்பு, ஆனாலும் விளக்கு மங்கலாக எரிகிறது என்றால் எர்த்தைச் சந்தேகியுங்கள். பிரேக் மிதித்தால் பின்விளக்கு மங்குவதும், ஒரு பக்க இன்டிகேட்டர் போட்டால் மற்ற விளக்குகளும் சேர்ந்து துடிப்பதும் இதன் அடையாளங்கள். திரும்பிச் செல்ல நேர்வழி இல்லாத மின்சாரம் அடுத்த பல்பின் வழியே சுற்றிப் போகிறது.

வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். துருவும் பெயிண்டும் சேர்ந்து ஒரு வோல்டைத் தின்றுவிடுவது சாதாரணம். சோதிப்பதும் சுலபம். விளக்கு எரியும்போது ஒரு தனி ஒயரின் ஒரு முனையை விளக்கின் உடலிலும், மறுமுனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும் வையுங்கள். வெளிச்சம் கூடினால் எர்த் கெட்டிருக்கிறது. மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் அதே இரண்டு இடங்களுக்கிடையே அளந்து பார்க்கலாம். அரை வோல்டுக்கு மேல் காட்டினால் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

டிரெய்லர்களில் பெரும்பாலும் எர்த் ஒயரே இருப்பதில்லை. "கொக்கி இரும்புதானே சார், அதுலயே எர்த் வந்துடுமே" என்று பயிற்சி முகாம்களில் கேட்பார்கள். வரும், ஆனால் நிற்காது. கொக்கியில் கிரீஸ் இருக்கிறது, துரு இருக்கிறது, பளு ஏறி இறங்கும்போது ஆட்டமும் இருக்கிறது. ஒவ்வொரு குலுக்கலிலும் பின்விளக்கு அணைந்து எரியும். டிரெய்லருக்கு எர்த்துக்கென்று தனி ஒயர் இழுங்கள். வழக்கமான 7 முனை சாக்கெட்டில் 3-ஆம் முனை அதற்காகவே இருக்கிறது.

புதிய ஒயர் இழுக்கும்போது

வேலையைத் தொடங்குமுன் பாட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்ற வேண்டும். முடிந்த பின் அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். மற்ற முனையை முதலில் கழற்றினால் ஸ்பேனர் உடலில் பட்டுப் பெரும் பொறி பறக்கும். பாட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றக் கூடியது. பெரும்பாலான வண்டிகளில் நெகட்டிவ் முனைதான் எர்த். மிகப் பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் முனை உடலோடு சேர்ந்திருக்கும். எந்த முனையின் கேபிள் உடலில் முறுக்கப்பட்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் பாட்டரியை மாற்றி இணைத்தால் அதன் டையோடுகள் அந்தக் கணமே போய்விடும். வண்டியில் வெல்டிங் செய்வதற்கு முன்னும் பாட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிவிட வேண்டும்.

வீட்டுக்கு இழுக்கும் ஒற்றைக் கம்பி ஒயரை டிராக்டருக்குப் பயன்படுத்தக் கூடாது. அதிர்வில் உள்ளுக்குள்ளேயே ஒடிந்துவிடும். பல இழை ஆட்டோ ஒயர்தான் வேண்டும். முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு நம் வெயிலில் ஒரு கோடை தாங்கும். பசை உருகி டேப் கழன்றதும் ஈரம் புகுந்து செம்பில் பச்சைக் களிம்பு பூக்கும். லக் வைத்துக் கவ்வியால் நசுக்கிய இணைப்பே நீடிக்கும். ஒட்டின் மேல் சைக்கிள் டியூபை மாட்டுவதைப் பல ஊர்களில் பார்க்கிறேன். ஈரத்துக்கு நல்லதுதான், டீசல் பட்டால் உப்பிக் கெட்டுவிடும்.

இந்த வட்டாரத்துத் தக்காளித் தோட்டங்களில் சொட்டுநீர்க் குழாய்த் துண்டுகளுக்குப் பஞ்சமில்லை. பழைய 16 மி.மீ. பக்கவாட்டுக் குழாயை நீளவாக்கில் கீறி ஒயர்களின் மேல் மாட்டி, ஒரு முழத்துக்கு ஒரு கட்டு போட்டால் மட்கார்டு ஓரத்திலும் டிரெய்லர் சட்டத்தின் அடியிலும் உராய்வு நின்றுவிடும். சைலன்சருக்கு அருகில் மட்டும் இது உதவாது, உருகிவிடும். அங்கே ஒயரையே ஒரு சாண் தள்ளிக் கட்டுங்கள்.

எலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நிலக்கடலை மூட்டையும் கேழ்வரகு மூட்டையும் அடுக்கிய கொட்டகையிலேயே டிராக்டரை நிறுத்தினால் எலி பானெட்டுக்குள் குடியேறி ஒயர் உறையைக் கடித்துவிடும். சில வாரம் வண்டி ஓடாமல் நின்றிருந்தால் சாவி போடுமுன் பானெட்டைத் திறந்து பாருங்கள். வைக்கோல் துணுக்கும் புழுக்கையும் கண்டால் ஒயரை முழுவதும் தடவிப் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். கூட்டிலுள்ள வைக்கோலே தீப்பிடிக்கப் போதும்.

பாட்டரியின் எர்த் கேபிளில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் பொருத்துவது மிகவும் நல்லது. புகை வந்தால் சாவியைத் திருப்பி மட்டும் பயனில்லை. பாட்டரியிலிருந்து நேராக வரும் பழுப்பு ஒயரில் சாவி குறுக்கிடுவதில்லை. எஞ்சினை நிறுத்தி, கட்-ஆஃப் சுவிட்சை அணையுங்கள். தீயின் மேல் மண்ணை வாரிப் போடுங்கள். டீசல் எரிந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. வேறு ஆபத்து இல்லாதபோது, ஆல்டர்னேட்டர் வண்டியில் எஞ்சின் ஓடும்போது இந்தச் சுவிட்சை அணைக்க வேண்டாம்.

புறப்படுமுன்

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, இரவில் வண்டியின் பின்பக்கச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டும். பளு ஏற்றிய பின் ஒருவரை அத்தனை தூரம் நடந்துபோய்த் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். கரும்புத் தோகை தொங்கி விளக்கை மறைத்திருப்பது அப்போதுதான் கண்ணில் படும். விளக்கு வழியில் அணைந்துவிட்டாலும் பின்னால் வரும் வண்டியின் வெளிச்சத்தில் மின்னும்படி டிரெய்லரின் இரு பின்மூலைகளிலும் சிவப்புப் பிரதிபலிப்பான்கள் இருக்கட்டும். அவற்றின் மேலுள்ள சேற்றைத் துடைக்க ஒரு நனைத்த துணி போதும்.

கருவிப் பெட்டியில் அந்தந்த அளவில் நான்கு பியூஸ், பின்விளக்கு பல்பு இரண்டு, இரண்டு மீட்டர் ஆட்டோ ஒயர், உப்புத்தாள் ஒரு துண்டு, வாஸ்லின் ஒரு டப்பா ஆகியவற்றோடு சோதனைப் பல்பையும் துணியில் சுற்றி வைத்திருங்கள். பாட்டரி முனைகளில் வெண்ணிறமாகப் பூத்திருந்தால் ஆப்பசோடா கரைத்த வெந்நீரால், பாட்டரிக்குள் இறங்காமல் கழுவித் துடைத்து, முனையை இறுக்கிய பின் வாஸ்லின் தடவ வேண்டும்.